திட்ட முடியாத ஆள்

பயிற்சிக் கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் 'வாத்தியார்'. பாடம் நடத்தி வந்த பெயரல்ல. முதல் நாள் காலை அவர் சாப்பாட்டுப் பையோடு வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? டயர் கம்பெனிக் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் மேற்பார்வை பார்த்தவர். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தபோது நரை காதுக்கு மேலே ஏறியிருந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வளைகிறேன் பார் என்று வயரிங் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார்.

வளையவும் செய்தார். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே அவர்தான் முதல். ஆனால் லைசென்ஸ் கிடைக்க வேண்டுமானால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் ஒரு வருஷம் கூட இருந்து வேலை பழகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் படித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். பையன்களுக்கு மாமா, சித்தப்பா, அண்ணனுக்குத் தெரிந்தவர் என்று யாராவது கிடைத்தார்கள். இவர் ஏறி இறங்காத கடையில்லை. சம்பளமே வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கஷ்டம்" என்று நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வாசல் வரை வந்து அனுப்பி வைத்தார்கள். மரியாதைக்கு மட்டும் குறைவே இல்லை. அந்த மரியாதையைக் கண்டாலே அவருக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் மனைவிதான் வழி கண்டாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். அங்கே விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவனிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டாள். "திங்கக்கிழமை வரச் சொல்லுங்கக்கா, பாக்கலாம்" என்றான் அவன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலை ஒரு செருப்புக் கடையில். பழைய கட்டடம், இற்றுப்போன வயர்கள். சாயங்காலம் கடை திறப்பதற்குள் எல்லாம் மாற்றியாக வேண்டும். "மெயின் ஃபியூஸப் பிடுங்குங்கண்ணே" என்றான் எலக்ட்ரீஷியன். உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டை. அந்த மாதிரிக் கட்டை இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பிடுங்கித் தன் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். வயரில் கை வைக்கிறவன் ஃபியூஸைத் தன் பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், தெரியாமல் இன்னொருவன் மாட்டிவிடக் கூடாது என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் வந்தார். ஏணி மேல் இருந்தவனை விட்டுவிட்டு நேராக இவரிடம் போனார். "கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட் வரணும். உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க."

இவர் பதறிப்போய், "முதலாளி அவருங்க" என்று மேலே கைகாட்டினார். கடைக்காரர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு அடுத்த சந்தேகத்தையும் இவரிடமே கேட்டார். ஏணி மேல் இருந்தவன் பழைய வயரை இழுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு இவர் வயர் செருகும் குழாய் ஒன்றை அளவு தவறி வெட்டினார். அந்தப் படபடப்பில் இன்னொன்றையும் வெட்டினார். எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், இறங்கி வந்து தானே வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்தபடி நின்றான்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. இது சரிப்பட்டு வராது."

"குழாய் வெட்டறதெல்லாம் ரெண்டு நாள்ல கை வந்துடுங்க."

"அது இல்லண்ணே. எல்லாரும் தப்பாத்தான் வெட்டுவாங்க, நானும் வெட்டினேன். எங்க மேஸ்திரி ஸ்க்ரூடிரைவராலயே மண்டையில ஒண்ணு போடுவாரு. திட்டினாத்தான் இந்த வேலை ஓடும். உங்களப் பாத்தா எங்கப்பா மாதிரி இருக்கு. வாயே வர மாட்டேங்குது."

"திட்டுங்க. டேய்னே கூப்பிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

பாவம், அவனும் முயன்றுதான் பார்த்தான். உதடு அசைந்தது. "முடியலண்ணே" என்றான். "நீங்க கிளம்புங்க. அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வேண்டாம், நானே சொல்லிக்கறேன்."

பூட்டிய வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார மனமில்லை. பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தார். பஸ்கள் வந்தன, போயின. திட்டு வாங்கக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டோமே என்று நினைத்துக்கொண்டார். இதற்கு மேல் கேட்க ஆளில்லை, கடையுமில்லை. அவளிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவள் வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனார். "எப்படிப் போச்சு?" என்று டீயை நீட்டினாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது மேஜையில் போன் அடித்தது. அவள் எட்டிப் பார்த்தாள். "அவருதான். வேலை முடிஞ்சு வந்தும் விட மாட்டேங்கறாரு பாருங்க" என்றாள் பெருமையாக.

எடுத்துக் காதில் வைத்தார்.

"யோவ், எங்கய்யா தொலைஞ்ச? ஃபியூஸ் எங்க? கடை திறக்கற நேரத்துல இருட்டுல நிக்கறேன். அறிவிருக்கா உனக்கு? ஒரு பொறுப்பு வேணாம்?"

கை பேன்ட் பைக்குப் போனது. மத்தியானம் முழுக்கத் தொடையில் உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. உடம்பெல்லாம் கூசியது அவருக்கு. ஆனாலும் அந்தக் கூச்சத்துக்கு அடியில் சின்னதாக ஒரு சந்தோஷம். அவனுக்கு வாய் வந்துவிட்டதே.

"இதோ வந்துட்டேங்க" என்றார்.

"திரும்பவும் வரச் சொல்றாரா?" என்றாள் மனைவி.

"ஆமா. உடனே வரணுமாம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் வேலை நீளும் என்று நினைத்துக்கொண்டு, செருப்பு மாட்டுவதற்குள் சாப்பாடு கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் நின்றபடி அவர் அந்தத் திட்டைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். திட்ட வந்துவிட்டதென்றால் வேலையும் ஓடும்தானே?

கடை வாசலில் கடைக்காரர் டார்ச்சோடு நின்றிருந்தார். இவரைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். "என்ன சார் நீங்க, உங்க வயசுக்கு இது அழகா? பையன இருட்டுல விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டீங்களே. அவன் பதில் சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கறான்."

பின்னால் நின்ற எலக்ட்ரீஷியன் காதிலும் அது விழுந்தது. கட்டையை வாங்கிப் போய் மாட்டினான். வரிசை வரிசையாகச் செருப்புகள் மேல் வெளிச்சம் விழுந்தது. கடைக்காரர் கல்லாப் பக்கம் போனதும் இவர் அவனருகில் போனார்.

"இப்பத்தான் திட்ட வந்துடுச்சே. நாளைக்கு வரட்டுங்களா?"

அவன் இவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தான். அவன் முகத்தில் மிச்சமிருந்த கோபம் வடிந்துகொண்டிருந்தது. வடிய வேண்டாமே என்று இவர் தவித்தார்.

"கோபத்துல ஏதோ பேசிட்டேண்ணே. மன்னிச்சுக்கங்க. பெரியவரப் போயி..."

"நீங்க பேசினது சரிதாங்க. இன்னும்கூடப் பேசுங்க."

அவன் இவர் முழங்கையைப் பிடித்து மெதுவாக வாசலுக்கு அழைத்துப் போனான். அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"படி இருக்கு, பாத்து இறங்குங்கண்ணே" என்றவன், அவர் தெருவில் கால் வைக்கிறவரை கையை விடவில்லை.