சாயும் விசிறிகள்

பாலிடெக்னிக்கில் எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும். விழுப்புரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். மெஷின் டிராயிங்கில் என் மார்க்கை அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. இன்று நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவள் ஐரோப்பாவில் புதுவகைப் பயணிகள் விமானம் ஒன்றை உருவாக்கும் குழுவில் இருக்கிறாள். ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலிருந்தே எழும்பி, பிறகு விமானமாகப் பறந்துபோகும் ரகம்.

போன மாதம் லீவில் வந்தவளை எங்கள் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். அறிமுகம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. தொண்டை சரியில்லாத மாதிரி நடித்து இரண்டு வரியில் முடித்துக்கொண்டேன்.

அவள் ஒரு வீடியோ போட்டாள். இறக்கையின் இரண்டு நுனியிலும் பெரிய விசிறிகள். வானத்தைப் பார்த்துச் சுழன்றவை, பறந்துகொண்டே மெல்ல முன்பக்கம் சாய்ந்தன. பின்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கேள்வி நேரத்தில் முதல் ஆளாக மைக்கை வாங்கினேன். இத்தனை வருஷமாகச் செய்கிறீர்களே, டிக்கெட் எடுத்து ஒரு ஆள்கூட இன்னும் இதில் ஏறவில்லையே, ஏன் என்று கேட்டேன். அவளை ‘நீங்க’ என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அவள் முகம் மாறவில்லை. ஒரு இன்ஜின் நின்றால் மற்றது இரண்டு விசிறியையும் சுற்ற வேண்டும், அதற்காக இறக்கைக்குள் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது, இதெல்லாம் பத்திரம் என்று நிரூபிக்காமல் ஜனங்களை ஏற்ற விடமாட்டார்கள் என்றாள். தான் நான்கு வருஷமாகப் பார்ப்பது, விசிறியோடு சேர்ந்து கியர்பாக்ஸ் சாயும்போது ஆயில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மட்டும்தானாம். அதற்கும் கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்தாள். “எங்க மேனேஜருங்க எதிர்ல நாங்க யாரும் கேக்காத கேள்விடி அது. கோலியனூர் வீட்டுக்கு வா, அம்மா மல்லாக்கொட்டை அவிச்சி வெச்சிக்கினு இருக்குது.”

“லேப் இருக்குது” என்றேன். அன்று எனக்கு லேப் கிடையாது.

அவள் கார் கிளம்பிய பிறகு, ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து அதே வீடியோவைப் போனில் தேடி நான்கு தடவை பார்த்தேன். பிறகு பொறுக்க முடியாமல், ஆயில் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். பத்து நிமிஷத்துக்கு வாய்ஸ் அனுப்பியிருந்தாள். பாதிதான் புரிந்தது. புரியாத பாதிக்காக அவள்மேல் மறுபடியும் எரிச்சல் வந்தது.