நடு நாற்காலி

சித்தி எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் தேடுவாள். பேருந்தென்றால் இடது ஜன்னலோரம், ஹோட்டலென்றால் இடப்பக்கம் சுவர் இருக்கும் நாற்காலி. அது கிடைக்காவிட்டால் பசியில்லை என்று நின்றுவிடுவாள். நின்றபடியே முடியை ஒருமுறை இடது காதுக்கு முன்னால் இழுத்து விட்டுக்கொள்வாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. பல வருடங்களுக்கு முன் எண்ணெய்ச் சட்டி சரிந்து, கன்னத்திலிருந்து கழுத்து வரை தோலை உருக்கிவிட்டிருந்தது.

அவள் மகளுக்கு, எனக்குத் தங்கை முறை, கல்யாணம் நடக்கும் முன்னால் இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு.

"இந்த ஒரு நாள் நான் நடு நாற்காலியிலதான் உக்காருவேன். பாக்கிறவன் பாக்கட்டும், பெத்தவ நான்" என்றாள். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பழகவும் செய்தாள்.

விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ஒரு உணவகத்தையே முழுதாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே பொட்டு வெளிச்சம் கிடையாது. கும்மிருட்டில் தடவித் தடவிச் சாப்பிட வேண்டும். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் பார்வையில்லாதவர்கள். வாசலுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு இதெல்லாம் தெரியும்.

"புதுசா இருக்கட்டுமேன்னுதான் அத்தை" என்றார் மாப்பிள்ளை, சித்தியின் முகத்தைப் பார்க்காமல்.

சித்தி என்னை ஓரமாக இழுத்தாள்.

"புரியுதாடா? ஊர்ல இருக்கிற அத்தனை ஹோட்டலும் இடிஞ்சா போச்சு? என் மூஞ்சியப் பாத்தா இவங்களுக்குச் சோறு இறங்காதாம்."

"அப்படி இருக்காது சித்தி."

"எப்பவும் வாய மூடிட்டுத்தானே இருப்ப, இப்பவும் மூடு. நானா மூஞ்சிய மறைச்சா அது என் இஷ்டம். திரை போட இவங்க யாரு?"

எனக்கும் உள்ளுக்குள் கொதித்தது. வெளிச்சம் தரும் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பரிமாறும் அண்ணன், ஒருவர் தோளில் ஒருவர் கை வைக்கச் சொல்லி ரயில் மாதிரி அழைத்துப் போனார்.

"பயப்படாதீங்க, எனக்கு இங்க பட்டப்பகல்."

எல்லோரும் சிரித்தார்கள். என் தோளில் சித்தியின் விரல்கள் இறுகின.

"பொண்ணோட அம்மா யாரு? நீங்க நடுவுல உக்காருங்கம்மா" என்றார் அவர். கேட்டது கிடைத்துவிட்டது, யார் கண்ணுக்கும் தெரியாமல்.

சூப் வந்தது. கிண்ணங்கள் இடித்துக்கொண்டன. யாரோ தண்ணீரைக் கொட்டினார்கள். எதிரே சம்பந்தியம்மாவின் குரல் குழந்தை மாதிரி குதூகலித்தது.

"நல்லா இருக்குல்ல சம்பந்தி? யாரும் யாரையும் பாக்க வேண்டாம். நிம்மதி!"

அவ்வளவுதான். பையின் ஜிப் திறந்தது. சரக்கென்று ஒரு உரசல். கேன்டீன் அடுப்புக்காகப் பையில் எப்போதும் கிடக்கும் தீப்பெட்டி.

"யாருங்க தீக்குச்சி கிழிச்சது? வாடை வருதே!" பரிமாறும் அண்ணன் பதறினார்.

சித்தி குச்சியை இடது கன்னத்தருகே பிடித்திருந்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் பொண்ணப் பெத்தவ மூஞ்சி. இதோடதான் தினமும் வேலைக்குப் போனேன், இவளை ஆளாக்கினேன். பிடிக்கலன்னா நேரா சொல்லணும். இருட்டுல அடைச்சு வைக்கக் கூடாது."

கண் கூசி எல்லோரும் முகத்தைப் பொத்தினார்கள். சம்பந்தியம்மா மட்டும் பொத்தவில்லை. இரண்டு கைகளையும் வெடுக்கென்று மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவர் மார்பெல்லாம் சூப். குச்சி சித்தியின் விரலைச் சுட்டு அணைந்தது.

"அம்மா, உக்காரும்மா" என்று தங்கை அழுதாள். நாற்காலி சாயும் சத்தம்தான் பதில்.

வெளியே சித்தி முடியை அவிழ்க்காமலே நடந்தாள். எதிரில் வந்த ஒருவன் உற்றுப் பார்த்தான்.

"என்னடா பாக்கிற?" என்றாள். அவன் தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டான்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் தங்கை எனக்குச் சொன்னாள். சம்பந்தியம்மாவுக்கு வெகுநாளாகக் கை நடுக்கம். கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும் என்பதால் வெளியாட்கள் முன்னால் அவர் சாப்பிடுவதே இல்லை. சம்பந்தியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது அவர்தான். காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.