ஒரே பதில் சொன்ன தெரு

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் அவரைக் கேள்விக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பதினெட்டு வருடம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர். முதலில் தோள்பை நிறையக் காகிதப் படிவங்கள், பிறகு டேப்லெட். எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் குலுக்கலில் எடுத்துக் கொடுப்போம். அந்த வீட்டில் நாய் குரைத்தாலும், திட்டி விரட்டினாலும், மறுநாள் திரும்பவும் போய் நிற்பார்.

அக்காவின் கணவர் பேருந்து நடத்துநர். "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் துருவித் துருவிக் கேக்கறா, நான் சாப்பிட்டேனான்னு மட்டும் கேக்க மாட்டேங்கறா" என்பார். அக்கா முகத்தில் சிரிப்பே வராது. "குலுக்கல்ல உங்க பேரு வரலீங்க" என்பார்.

நான் வெயில் படாமல் உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். களத்திலிருந்து வரும் பதில்களை ஒரு மென்பொருள் சலித்துப் பார்க்கும். பேட்டி ரொம்பச் சீக்கிரம் முடிந்திருந்தாலோ, அடுத்தடுத்த வீடுகளில் ஒரே பதில் வந்தாலோ, போகாமலே எழுதியது என்று சந்தேகப்பட்டுச் சிவப்பு காட்டும். எங்களிடம் மரத்தடி என்று ஒருவன் இருந்தான். நாலு வீட்டுக்குப் போவான், மீதியை அந்தத் தெருவிலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிவிடுவான். ஒரு வீட்டில் ஆமாம், இரண்டு வீட்டில் இல்லை, இன்னொன்றில் தெரியாது என்று அழகாகக் கலந்து போடுவான். அவனுக்கு எப்போதும் பச்சைதான். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அந்த வருடம் வேலையிடத்துக் காயங்கள் பற்றிய ஆய்வு. அக்காவுக்கு வந்தது தகர டப்பா செய்யும் ஓர் ஆலையின் குடியிருப்பு, ஒரே தெரு, இருபத்திரண்டு வீடுகள். கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் யாருக்காவது வேலையில் காயம் பட்டதா என்பது கேள்வி. இருபத்திரண்டு வீட்டிலும் ஆமாம். என் திரையில் அந்தப் பத்தி முழுக்கச் சிவந்துவிட்டது.

விதிப்படி வேறு ஆட்கள் போய்ச் சரிபார்க்க வேண்டும். மேற்பார்வையாளருடன் நானும் போனேன். குடியிருப்பு வாசலில் அனுமதி கேட்டதும் ஆலையின் நலத்துறை அதிகாரி வந்துவிட்டார். "புது இடம், வழி தெரியாம அலைவீங்க" என்று ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கூடவே வந்தார். இருபத்திரண்டு வீட்டிலும் இப்போது இல்லை. "காயமா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." "கேள்வி கேக்க யாரும் வரலீங்களே." ஒன்பதாம் எண் வீட்டுப் பெண் பேசி முடிக்கும்வரை வலது கையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு நாளில் ஆலையிலிருந்து புகார்க் கடிதமும் வந்தது, உங்கள் ஆள் எங்கள் பெயரைக் கெடுக்கிறார் என்று. அக்கா மேல் விசாரணை வைப்பதாக முடிவானது.

ஒவ்வொரு பேட்டியிலும் நடுவில் ஒரு நிமிடத்தை டேப்லெட் தானாகப் பதிவு செய்யும். ஒன்பதாம் வீட்டுப் பதிவைத் தேடிப் போட்டேன்.

"ரெண்டு விரல் போச்சுக்கா. மெஷின் வேகமா ஓடணும்னு தடுப்பைக் கழட்டி வெச்சிருந்தாங்க. எழுதிக்குங்க. ஆனா என் பேரு வேணாம்."

"வெளிய வராதும்மா. நான் வாக்குக் குடுக்கறேன்." இது அக்காவின் குரல்.

இயக்குநரின் அறைக்கு ஓடினேன். நான் நீட்டிய ஹெட்போனை அவர் தொடவே இல்லை. "கேட்டா நான் ஏதாவது பண்ண வேண்டியிருக்கும்ப்பா. அறிக்கை குடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு. எதுவா இருந்தாலும் விசாரணையில சொல்லு."

அக்காவை மாடிப்படியில் பிடித்தேன். "இது ஒண்ணு போதும்க்கா. நாளைக்கு விசாரணையில போட்டுக் காட்டிடறேன்."

"விசாரணையில யார் யார் இருப்பாங்க?"

"இயக்குநர், மேற்பார்வையாளர், அப்புறம் புகார் குடுத்த ஆலை அதிகாரி."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவ குரலை அவன் கேப்பான்."

"ஒரு நிமிஷம்தானேக்கா."

"அவனுக்கு அரை நிமிஷம் போதும். ஆலை குடுத்த வீடு தம்பி அது. வேலை போற அன்னிக்கே வீடும் போயிடும்."

"அதுக்காக? நீங்க பொய் எழுதினீங்கன்னு சொல்லுவாங்களே. பதினெட்டு வருஷம்க்கா."

"பதினெட்டு வருஷமா ஒவ்வொரு வாசல்லயும் 'வெளிய வராது'ன்னு வாக்குக் குடுத்துத்தான் உள்ள போயிருக்கேன். அதை நீ தூக்கிக் குப்பையில போடாத." படியை விட்டு எழுந்து, "அந்தத் தெருப் பதிவு எல்லாத்தையும் அழிச்சிடு" என்றார். அன்று மாலையே அழித்தேன்.

விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. வீடுகளுக்குப் போகாமலே எழுதினீர்களா என்று இயக்குநர் கேட்டார்.

"அப்படியே வெச்சுக்குங்க."

"அப்படிச் சொன்னா எப்படி? ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

ஆலை அதிகாரி டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். வேலை நீக்கக் கடிதத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நடந்தது எனக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் கணவர் அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தார். அலுவலகத்தில் தர மறுத்துவிட்டார்கள். போகும்போது என் மேஜை அருகே நின்றார். "பொய் எழுதினவளுக்கு எந்த அனுபவத்துக்குன்னு சான்றிதழ் தருவாங்க? புத்தியில்லாம கேட்டுட்டேன்" என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை வந்தது. அந்தப் பகுதியில் கேட்ட நூறு வீட்டில் மூன்றில்தான் காயமாம். அந்த மூன்றும் மரத்தடி போட்டவை. அதைக் காட்டி அங்குள்ள ஆலைகளில் வருடம் நான்கு முறை நடந்த பாதுகாப்புச் சோதனையை ஒன்றாகக் குறைத்தார்கள். மரத்தடி இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பது அவன் பாடம்.

போன மாதம் முதுகுவலிக்கு ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனேன். பதிவு மேஜையில் கேள்விக்கா இருந்தார். என் பெயரைக் கேட்காமலே எழுதினார். வயதை மட்டும் கேட்டார்.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"இருக்கேன்." சீட்டைக் கிழித்தபடி சொன்னார். "அந்தத் தெருவுலேர்ந்து மாசம் ரெண்டு மூணு பேராவது வராங்க. கை நசுங்கி, விரல் போயி. எப்படி ஆச்சுன்னு கேட்டா, கதவுல மாட்டிக்கிச்சுங்கறாங்க. எல்லாருக்கும் கதவுதான்."

"உங்ககிட்டயுமா?"

"என்கிட்டதான் முக்கியமா." என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க என்ன பண்றீங்க?"

"கதவுன்னு எழுதறேன்."

சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.