மூன்று பேருக்கும் முதலிடம்

டால்பர்க் ஊர்க்காரர்களிடம் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும், ஏதோ கடன் கேட்டதுபோல நெளிவார்கள். காபியா டீயா என்றால் "எது இருக்கோ அது" என்பார்கள். விருந்தில் கடைசிக் கேக் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதியை வெட்டிக்கொள்வார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்கும் போதாத ஒரு துணுக்கு தட்டில் காய்ந்து கிடக்கும். மினசோட்டாவில் எல்லா ஊரும் கொஞ்சம் அப்படித்தான், டால்பர்க் கொஞ்சம் அதிகம். இங்கேயே பிறந்து, இருபத்தேழு வருஷமாக நகர மன்றத்தில் எழுத்தராக இருந்தும் ஆர்டிஸ் டோலஃப்சன் இதை மறந்துபோனாள்.

போன தேர்தலில் மேயர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். பள்ளிக்கூடச் சமையல்காரி லோர்னாவும் ஓய்வுபெற்ற வாத்தியார் மில்ட்டும் ஒரே கூட்டத்து ஓட்டைப் பிரித்துக்கொள்ள, நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கிய டுவைன் க்ரோன் மேயரானார். அந்தக் குளிர்காலமே பனிச்சறுக்குத் திடலை மூடிவிட்டார். அறுபத்தைந்து பேர் வேண்டாமென்ற ஒருவர் எப்படி மேயர் என்ற கேள்வி ஆர்டிஸை அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு வருஷம் மன்றத்தின் உயிரை வாங்கி, புது முறைக்குச் சம்மதம் பெற்றாள். ஒருவருக்கு மட்டும் குறியிடாமல், முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்த வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவர் விலகுவார். அவரை முதலில் போட்டவர்களின் ஓட்டு, அவர்கள் இரண்டாவதாகப் போட்டவருக்குப் போகும். மன்றம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது: ஐம்பது ஓட்டுக்கு மேல் செல்லாமல் போனால் அடுத்த தேர்தலிலிருந்து பழையபடிதான்.

அக்டோபரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒத்திகை வைத்தாள். நாலு பெண்கள் நாலு விதமான இனிப்பு செய்து கொண்டுவந்தார்கள். தின்றுபார்த்து வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அறுபது பேர் ஓட்டுப் போட்டார்கள். நாற்பத்தொரு சீட்டில் நாலு இனிப்புக்கும் முதலிடம்.

"இது என்ன கூத்து?" என்றாள் ஆர்டிஸ்.

"நாலு பேரும் காலையிலேர்ந்து அடுப்புல நின்னிருக்காங்க. அவங்களை எப்படிம்மா நாலாவதுன்னு எழுதுறது?" என்றார் ஒரு பெரியவர்.

"யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமே."

சரி, கண்ணால் பார்த்தால் புரியும் என்று, குறைந்த ஓட்டு வாங்கிய இனிப்பை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். அதை முதலில் போட்டு ஒழுங்காக வரிசைப்படுத்தியவர்களுக்கு, அவர்கள் இரண்டாவதாகப் போட்ட இனிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டவர்களுக்கு வெறுந்தட்டு. ஒருவராவது கோபப்படுவார்கள் என்று காத்திருந்தாள்.

"பரவாயில்ல, எனக்குப் பசியே இல்ல," என்றார்கள்.

ஆர்டிஸ் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது. அவள் கணவர் வெண்டல் முப்பத்து நாலு வருஷமாக எதையும் வேண்டும் என்றதில்லை, வேண்டாம் என்றதுமில்லை. கல்யாணமான புதிதில் ஒரு வியாழக்கிழமை மீனையும் நூடுல்ஸையும் சேர்த்து ஓவனில் வேகவைத்துக் கொடுத்தாள். "நல்லாருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எல்லா வியாழனும் அதையே செய்துவந்தாள்.

தேர்தல் நாளும் வந்தது. அதே மூன்று பேர்தான் நின்றார்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், சீட்டை விழுங்கும் இயந்திரத்தின் பக்கத்தில் காலையிலிருந்து ஆர்டிஸ் நின்றாள். ஒரே இடத்தை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்த தப்பான சீட்டென்றால் அது பீப் என்று கத்தித் திருப்பித் துப்பிவிடும். போட்டவர் விரும்பினால் புதுச் சீட்டு வாங்கி மறுபடி போடலாம். விரும்பாவிட்டால் அவள் பொத்தானை அழுத்தி அதை அப்படியே உள்ளே அனுப்ப வேண்டும். புதுச் சீட்டைத் திணிக்க அவளுக்கு அதிகாரமில்லை.

"புதுச் சீட்டு தர்றேன், ஒரு நிமிஷம்தான்."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம். இருக்கட்டும்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல. இதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன்."

"பின்னாடி ஆள் நிக்கிறாங்க பாரு. போகட்டும், விடு."

பின்னால் நிற்பவரும் "பரவாயில்ல, எனக்கு அவசரமில்ல" என்பார். கொஞ்சிக் கெஞ்சியதில் பாதிப் பேர் புதுச் சீட்டு வாங்கினார்கள். மீதிப் பேரை அவள் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டு மணிக்குக் கதவை மூடும்போது ஐம்பது கோடு. இன்னும் ஒன்று விழுந்தால் இரண்டு வருஷ உழைப்பும் தண்ணீரோடு போயிற்று. வரிசையில் ஒரே ஒருவர் மிச்சம். எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசிக்கு வந்திருந்த வெண்டல்.

இயந்திரம் பீப் என்றது.

"புதுச் சீட்டு வேணுமா?" என்று கேட்டாள்.

"மூணு பேரும் நல்லவங்கதானே ஆர்டிஸ். பரவாயில்ல. உனக்கு எதுக்குச்—"

"சிரமம்னு மட்டும் சொல்லாத," என்று கத்தினாள். அந்தக் கூடத்தில் விளையாட்டுப் போட்டியில்கூட அப்படி யாரும் கத்தியதில்லை. "முப்பத்து நாலு வருஷம். எதுவானாலும் சரி, எதுவானாலும் சரி. உன் மனசுல என்ன இருக்குன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கியா? யாருக்கு வேணா போட்டுக்க. ஆனா ஒருத்தரை முதல்ல போடு, ஒருத்தரை மூணாவதா போடு. யாரும் செத்துட மாட்டாங்க."

மேசையில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் காது சிவக்கப் புதுச் சீட்டை வாங்கி மறைப்புக்குப் பின்னால் போனார். பதினோரு நிமிஷம். திரும்பி வந்து சீட்டைச் செருகினார். இயந்திரம் சத்தமில்லாமல் விழுங்கியது.

மில்ட் விலக, அவருடைய ஓட்டுகள் பெரும்பாலும் லோர்னாவுக்குப் போக, லோர்னா மேயரானாள். டுவைன் முதல் ஆளாகப் போய் அவள் கையைக் குலுக்கினார். செல்லாதவை ஐம்பது. புது முறை பிழைத்துக்கொண்டது.

காரில் போகும்போது ஆர்டிஸுக்கு வெட்கமாக இருந்தது. "எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்," என்றாள்.

"பரவாயில்ல," என்றார் வெண்டல். கார் ஏரியைத் தாண்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த வியாழக்கிழமை மீன் இருக்குல்ல."

"ஆமா."

"அது எனக்கு மூணாவதுதான்."

ஆர்டிஸ் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். இன்று முழுக்க வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றியது.

"அப்ப முதல்ல எது?" என்றாள்.

வீடு வந்து, காரை நிறுத்தி, விளக்கை அணைத்த பிறகும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவள் இறங்காமல் காத்திருந்தாள்.