தோத்தாலும் நம்மாளுங்க

எங்கள் கம்பெனிக் கழிவறையில் புதுச் சோப்பு இருந்தால் வெளிநாட்டிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. காலையில் கை கழுவப் போனவள் திரும்பி வந்து, "சோப்பு வந்துடுச்சிடி" என்பாள். அவ்வளவுதான், தையல் மெஷின் வரிசை முழுக்க முதுகை நிமிர்த்திக்கொள்ளும்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள் நான். அடிப்பாகத்தை விட்டுவிட்டால் ஷூவில் மீதி தெரிவதெல்லாம் அப்பர்தான். நாங்கள் தைத்து, பெட்டி கட்டி அனுப்பிவிடுவோம். அடிப்பாகத்தை ஐரோப்பாவில் எங்கேயோ ஒட்டுவார்கள். முழு ஷூவாக ஆன பிறகு அது எப்படி இருக்கும், யார் காலில் ஏறும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் ஆள் வந்து பார்ப்பதற்கு ஆடிட் என்று பெயர். அன்றைக்குத் தண்ணீர் டிரம் பக்கத்தில் புது டம்ளர் இருக்கும், எல்லோர் தலையிலும் தொப்பி இருக்கும். "கேட்டா மட்டும் பேசு. சிரிச்ச மூஞ்சா இரு" என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். ஒரு முறை வந்த வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, களைப்பாக இருக்கிறதா என்று கேட்டார். நல்ல மனுஷிதான். ஆனால் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான், பிரித்துத் தைத்தாலும் துளை தெரியும். அப்படிப்பட்ட தோலில் கோணாமல் தையல் ஓட்டுகிற கை இது. இதைப் பிடித்துக்கொண்டு யாரும் கண் கலங்க வேண்டியதில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ஜெர்மன்காரம்மா வந்தபோது நாங்கள் செய்த கூத்து இது தெரியாமல் புரியாது.

குழு ஒரு பந்தாட்டக் கிளப்புக்கானது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் வரிசைக்கு ஒரு சின்ன ஆர்டர் வந்தது. மஞ்சள் தோல், கத்தரிப்பூ நிறத்தில் நூல், பக்கவாட்டில் ஒரு சின்ன முத்திரை. கல்யாணப் புடவை மாதிரி ஒரு ஷூவை யார் போடுவார்கள் என்று எங்களுக்கு ஒரே ஆச்சரியம். ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் வாணியம்பாடி பாயைக் கேட்டோம். அது ஜெர்மனியில் இரண்டாம் நிலை லீகில் ஆடும் ஒரு கால்பந்துக் கிளப், ரசிகர்கள் போட்டுக்கொள்வதற்காகத் தைக்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னார். மாதனூருக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஒருத்தியின் போனில் அந்தக் கிளப்பின் மேட்சைப் போட்டுப் பார்த்தோம். நாலு கோல் வாங்கித் தோற்றார்கள்.

"நம்ம தைச்ச ராசியா இருக்குமோ அக்கா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். பேரணாம்பட்டிலிருந்து மாதனூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். குரல் அப்படி, அவள் ரகசியம் பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார்.

அடுத்த வாரமும் பார்த்தோம். அப்போதும் தோற்றார்கள். விட மனசு வரவில்லை. பஸ்ஸில் பின் சீட்டுக்காரிகள் நாலைந்து பேரோடு தொடங்கிய குழுவில் பாய் சேர்ந்தார், வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸுகள் சேர்ந்தார்கள், எங்கெங்கிருந்தோ பந்துப் பைத்தியங்கள் சேர்ந்தார்கள். 'தோத்தாலும் நம்மாளுங்க' என்று நான்தான் பேர் வைத்தேன். ஆட்டக்காரர்களின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் உறவு வைத்துக்கொண்டோம். இடுப்பில் கை வைத்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கும் கோல்கீப்பர் பெரியப்பா. விருந்துக்கு வந்தவன் போல மைதானத்தில் உலாத்துகிற, கோல் அடிக்க வேண்டிய ஆள், மாப்பிள்ளை. ஓரத்தில் நின்று கத்தும் பயிற்சியாளர் மேஸ்திரி. மேட்ச் நடக்கும்போது யாரும் தட்டச்சு செய்வதில்லை. எல்லாம் குரல் பதிவுதான். பேரணாம்பட்டுக்காரி திட்டுவதைக் கேட்பதற்காகவே மேட்ச் பார்க்காதவர்களும் குழுவில் இருந்தார்கள்.

அப்படி ஒரு நாள் பாய் வந்து, "நம்ம கிளப்போட ரசிகர் பக்கத்தில நம்ம குழுவப் பத்தி எழுதியிருந்தேன். அந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க சேரணும்னு கேக்கறாங்க. அசல் ஜெர்மன். டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவங்க. சின்ன வயசிலேர்ந்து ஸ்டேடியத்தில நின்னே பாக்கறவங்களாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோப்பு வந்துவிட்டது!

அன்று சாயங்காலமே குழுவைக் கூட்டிப் பெருக்கினோம். திட்டுப் பதிவுகளை அழிக்க முடிந்தவரை அழித்தோம். குழுவின் பெயரை 'அஃபிஷியல் சப்போர்ட்டர்ஸ், தமிழ்நாடு' என்று மாற்றினேன். படமாக இருந்த எருமைக் கன்றை எடுத்துவிட்டு ரோஜாப்பூ வைத்தோம். தமிழில் கத்தக் கூடாது, தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாகப் பேச வேண்டும் என்று கட்டளை போட்டேன். முக்கியமாக, ஷூ கம்பெனி என்ற பேச்சே வரக் கூடாது. தெரிந்தால் அந்த அம்மாவும் கண் கலங்குவார். ரசிகர்களாகத்தான் அவர் எங்களைப் பார்க்க வேண்டும், பாவப்பட்டவர்களாக அல்ல. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்த அம்மா வந்தார். போனில் மொழிபெயர்த்து, "வணக்கம், மதிப்பிற்குரிய ரசிகர்களே" என்று தமிழிலேயே எழுதினார். "வெல்கம் மேடம்" என்று நாற்பது பேர் வரிசையாகப் போட்டோம். அடுத்து அவர் கேட்டார்: "உலகில் இவ்வளவு கிளப்புகள் இருக்க, நீங்கள் ஏன் எங்களுடையதை விரும்புகிறீர்கள்?"

ஒரு நர்ஸ் சமாளித்து, "வெரி குட் டிஃபென்ஸ் மேடம்" என்று எழுதினாள். அந்த வருஷம் அந்த லீகிலேயே அதிக கோல் வாங்கியது நாங்கள்தான். பேரணாம்பட்டுக்காரி, "குட் கலர் மேடம்" என்று போட்டுவிட்டாள். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"உன்ன யாருடி கலரப் பத்திப் பேசச் சொன்னது?"

"கலருதானே அக்கா சொன்னேன், கம்பெனின்னா சொன்னேன்? ஜாஸ்தி பண்றீங்க நீங்க."

அதன் பிறகு வந்த மேட்சுகளைப் போல வறண்ட மேட்சுகளை நான் பார்த்ததில்லை. கோல் வாங்கினால் "பேட் லக்", தப்பித்தால் "வெரி நைஸ்". பெரியப்பா இல்லை, மாப்பிள்ளை இல்லை. பஸ்ஸில் பெண்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த அம்மாவே ஒரு நாள் பாயிடம் தனியாக, "இந்தக் குழு சத்தமானது என்று சொன்னீர்களே, நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறார். பாய் அதை என்னிடம் சொன்னபோது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் மேட்ச். அந்த அம்மா ஸ்டேடியத்தில் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரந்தான் பாக்கி, சமநிலை. எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அடித்தால் ஜெயம். ஜெயித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! மாப்பிள்ளை நிதானமாக நடந்து வந்தான். நிதானமாக அடித்தான். பந்து கோல் கம்பத்துக்கு மேலே, வலைக்கு மேலே, ஆட்களுக்கும் மேலே போய்விட்டது.

நான் 'பேட் லக்' என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது.

"அடப்பாவி மாப்ளே! பந்தியில உக்கார வர்ற மாதிரி ஆடி அசைஞ்சி வந்து அடிக்கிறியே, உனக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுத்தான்? இன்னா கண்ணுடா அது? கோலு அங்க இருக்குது, நீ எங்கடா அனுப்பற? பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கா?"

பேரணாம்பட்டுக்காரி அடக்கி அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். போச்சு, மானம் போச்சு.

அப்போது ஜெர்மனியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஸ்டேடியத்தின் இரைச்சல். முன்னால் கட்டைக் குரலில் ஒரு பெண் தொண்டை கிழியத் திட்டுகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அது மாப்பிள்ளைக்குத்தான், அவன் வம்சத்துக்கும் சேர்த்துத்தான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"அய்யோ அக்கா, நம்ம ஆளு!" என்று கத்தினாள் பேரணாம்பட்டுக்காரி.

அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. நர்ஸுகள் திட்டினார்கள், பாய் உருதுவில் திட்டினார், நானும் மேஸ்திரியை ஒரு பிடி பிடித்தேன். கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்றதைக்கூட யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகு அந்த அம்மா எழுதினார்: "இதற்காகத்தான் நான் வந்தேன். இப்போதாவது சொல்லுங்கள், ஏன் எங்கள் கிளப்?"

இனிமேல் யாருக்காக மறைப்பது? நானே பேசினேன், தமிழிலேயே. பாயை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன்.

"மேடம், நாங்க ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில வேலை செய்றோம். உங்க கிளப் கலர்ல ஷூ வந்திச்சி. மேல் பாகம் தைச்சது நாங்கதான். யாரு போட்டுக்கறாங்கன்னு பாக்கலாம்னு மேட்ச் போட்டோம். நாலு கோல் வாங்கனாங்க. அதுக்கப்புறம் விட மனசு வரல."

போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, இப்போது களைப்பாக இருக்கிறதா என்று கேட்கப் போகிறார்.

வந்தது ஒரு படம். ஸ்டேடியத்தின் சிமெண்டுப் படியில் இரண்டு கால்கள். மஞ்சள் தோல், கத்தரிப்பூத் தையல். மழைச் சேறு அப்பி, மஞ்சள் பழுப்பாகி, மடிகிற இடத்தில் ரேகை விழுந்து, நன்றாக உழைத்த ஷூ. எங்கள் ஷூ. அடிப்பாகத்தோடு, காலோடு, முதல் முறையாகப் பார்க்கிறேன். படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "நீங்கள்தானா அது! நல்லது. இரண்டாவது குளிர்காலத்தில் இடது காலணியின் மேல் வளையம் கழன்று விழுந்துவிட்டது. இதற்கு யார் பொறுப்பு?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் பரிதாபப்படவில்லை. குறை சொன்னார்!

லேஸ் கோக்கும் வளையம் அடிப்பது பேரணாம்பட்டுக்காரியின் வேலை. விடுவாளா அவள்?

"நான்தான் அடிச்சேன். கேளுங்க பாய் அவங்கள. மாடு கட்டற மாதிரி லேஸ இழுத்தா வளையம் நிக்குமா?"

பாய் எழுதினார். அங்கிருந்து பதில் வந்தது: "என் கணவரும் இதையேதான் சொல்கிறார்."

அன்று ராத்திரி வெகுநேரம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஒருத்தி வளையத்தின் தரத்தைச் சொல்ல, மற்றவள் கட்டுகிற முறையைச் சொல்ல, நடுவில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து பாய் பேஜாராகிப் போனார். கடைசியில் அவர்தான் தீர்ப்புச் சொன்னார். "கல்யாணம் முடிஞ்சி வருஷக்கணக்காகியும் செய்முறையில குறை சொல்றாங்கன்னா அவங்க யாரு? சம்பந்திதானே!"

அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சம்பந்தியம்மா. அந்த உறவுக்கு என்ன அர்த்தம் என்று பாய் விளக்கியதும், மாப்பிள்ளை தங்கள் வீட்டுப் பிள்ளை என்றாலும் அவன் செய்வதற்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே எழுதிவிட்டார். குழுவுக்குப் பழைய பெயரை மறுபடி வைத்தேன். ரோஜாப்பூ போய் எருமைக் கன்று திரும்பி வந்தது.

படுக்கப் போகுமுன் பாயிடம் மெதுவாக, "குதிகால் பக்கம் மட்டும் ஒரு படம் போடச் சொல்லுங்க பாய்" என்று கேட்டேன். குதிகால் தையல் என்னுடையது. சம்பந்தியம்மா ஷூவைக் கழற்றித் திருப்பி வைத்து எடுத்து அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை மழைக்கும் சேற்றுக்கும் பிறகு ஒரு நூல் விலகவில்லை, கோடு நேராக இறங்கியிருந்தது. பெருமையாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் என் போன் சீட்டுக்குச் சீட்டு கை மாறியது. "நாக்கு நான் தைச்சது", "இந்த ஓரம் நான் மடிச்சது" என்று ஆளுக்கு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். கம்பெனி வாசல் வந்தும் யாரும் இறங்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி சோப்பு வந்தது. இந்த முறை வந்தவர் ஒரு ஜெர்மன்காரர், கூடவே தமிழ் பேசும் அதிகாரி. என் மெஷின் பக்கத்தில் நின்று, முகத்தை இளக்கமாக வைத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது கவலை உண்டா என்று கேட்டார். சூப்பர்வைசர் பின்னாலிருந்து சிரி சிரி என்று ஜாடை காட்டினார்.

"இருக்குது சார்" என்றேன். "எங்க டீம் இந்த வருஷம் கீழ் லீகுக்கு இறங்கிடுமோன்னு கவலையா இருக்குது." கிளப்பின் பெயரையும் சொன்னேன்.

அதிகாரி திகைத்து, பிறகு மொழிபெயர்த்தார். அந்த மனிதருக்குக் கண் விரிந்தது. அந்தக் கிளப்புக்கு இந்தியாவில் ரசிகர்களா என்று இரண்டு முறை கேட்டார். அவர் எந்த டீமுக்கு ஆள் என்று நான் கேட்டேன். வருஷா வருஷம் கோப்பையைத் தூக்குகிற ஒரு பெரிய கிளப்பின் பெயரைச் சொன்னார். தோற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தோற்பதே அபூர்வம் என்றார். யாரையாவது திட்டியிருக்கிறீர்களா, யாரோடாவது சேர்ந்து அழுதிருக்கிறீர்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.