பொட்டு வைக்காத சிலை

என் அத்தை எந்தச் சிலையிலும் முகத்தை முதலில் செய்ததில்லை. பாதத்தில்தான் தொடங்குவாள். கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் முகம் தானே வந்து சேரும் என்பது அவள் கட்சி. பார்க்க வந்தவர்கள் தலையில்லாத உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏனுங்க அம்மணி, இது ஆருங்க?" என்று கேட்பார்கள். "இன்னும் எனக்கே தெரியலீங்க" என்பாள் அத்தை. அது பணிவா திமிரா என்று தெரியாமல் அவர்கள் போய்விடுவார்கள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. இருபது வயது நிறையும் முன்பே கணவனை இழந்து, வெள்ளைச் சீலையோடு காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவள். சிமெண்டு அப்போதுதான் எங்கள் பக்கம் மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியிருந்தது. கிணற்றுக்குச் சுவர் வைத்தது போக மிஞ்சியதை எடுத்து, செத்துப்போன எங்கள் பொலிகாளையை அதே உயரத்தில் செய்து கிணற்றுமேட்டில் நிறுத்தினாள். உள்ளே இரும்புக் கம்பி, அதன்மேல் வைக்கோற்பிரி, அதன்மேல் கலவை. மேற்பூச்சை மழமழவென்று தேய்க்க மாட்டாள். கட்டைவிரல் பதிந்த தடமெல்லாம் அப்படியே இருக்கும். அந்தக் காளையைப் பார்த்து அடுத்த தோட்டத்துப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நானும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கோயிலுக்குச் சாமி உருவம் செய்யச் சொல்லிக் கேட்டவர்களிடம், "சாமியச் செய்யறதுக்கு ஆளு இருக்காங்க. நான் கண்ணுல பாத்ததத்தான் செய்வனுங்க" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது திருப்பூரிலிருந்து பஞ்சு மில் முதலாளி ஒருவர் காரில் வந்தார். அந்த வருடம் அவருடைய தாயார் இறந்துபோயிருந்தார். மில் வாசலில் அவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். படம் எதுவும் கிடையாது. முதலாளி தன் தாயின் மூக்கையும் நெற்றியையும் விவரிக்கத் தொடங்கினார். அத்தை குறுக்கே கேட்டாள்: "உங்கம்மா என்ன வேல செஞ்சாங்க?"

முதலாளி சொன்னார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். பங்காளிகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாயார் தானே மாடு பூட்டிக் கவலை ஓட்டி, கிணற்றுத் தண்ணீர் இறைத்து, பருத்தி போட்டு அவரை ஆளாக்கினார். மாடுகள் சரிவில் இறங்கித் தண்ணீரை மேலே கொண்டுவந்ததும், அவற்றைப் பின்னோக்கி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ஆண்களுக்கே இடுப்பு விட்டுப்போகும் வேலை அது.

அத்தை அதைத்தான் செய்தாள். என் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்து, "இழு கண்ணு, உன்ற பலமெல்லாம் போட்டு இழு" என்பாள். மறுமுனையைத் தான் பிடித்துச் சாய்ந்துகொண்டு, இன்னொரு கையால் தன் தோளையும் கழுத்து நரம்பையும் தடவிப் பார்ப்பாள். உடனே ஓடிப்போய் அந்த இடத்தைக் கலவையில் வழித்தெடுப்பாள். நான் மண்ணில் விழுந்து கிடப்பேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கும் கருப்பட்டிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் விழத் தயாராக இருந்தேன்.

சிலை முடிந்தது. குதிகால் இரண்டையும் மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து, கயிற்றை இழுக்கும் ஒரு கிழவி. ரவிக்கை இல்லாத வெறும் தோள். மாட்டை அதட்டும் வாய் பாதி திறந்திருந்தது. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன.

முதலாளி தன் தாய்மாமனோடு வந்து பார்த்தார். பார்த்ததும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தாய்மாமன்தான் பேசினார். தாலியறுத்தவள் முகத்தில் விழித்துவிட்டு யார் மில்லுக்குள் போவது, தொழில் விளங்குமா என்றார். முதலாளியும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார். "நெத்தியில ஒரு பொட்டு, கழுத்துல ஒரு தாலிக்கொடி, அவ்வளவுதானுங்க அம்மணி. எங்கய்யன் இருக்கறப்பப் போட்டிருந்ததுதானுங்களே."

"உங்கய்யன் இருக்கறப்ப இவங்க கவல ஓட்டலீங்க" என்றாள் அத்தை.

"அப்ப நான் எடுத்துட்டுப் போக முடியாதுங்க."

"உட்டுப்போட்டுப் போங்க."

அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. கொத்தனாரை அழைத்து வந்து தாலியைத் தானே வைத்துக் கொடுத்துவிடுவதாக முதலாளியிடம் வாக்களித்தார். மறுநாள் கொத்தனார் வந்தபோது அத்தை, சிலை இருந்த ஓலைச் சாளையின் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அப்பாவை எதிர்த்து வீட்டில் யாரும் அதுவரை பேசியதில்லை. அவள் குரலை உயர்த்தவுமில்லை.

"என்ற கழுத்துல இருந்தத அறுக்கறப்ப ஊரே கூடி நின்னீங்களேண்ணா. சிமிட்டிக் கழுத்துல கட்டறதுக்குக் கொத்தனாரே போதுமா?"

அப்பா கொத்தனாரைப் பார்த்து, "நீ போப்பா" என்றார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அந்த வாரமே அத்தை பண்ணையத்து ஆட்களை வைத்துச் சிலையை வண்டியில் ஏற்றினாள். தோட்டத்திலிருந்து போகும் வண்டித்தடமான எங்கள் இட்டேரி காங்கேயம் சாலையில் சேரும் முனையும் எங்கள் நிலம்தான். அங்கே சாலையைப் பார்த்தபடி அதை நிறுத்தினாள். சந்தைக்குப் போகிற வண்டிகள், பெண் பார்க்கப் போகிறவர்கள், பஸ் ஏறப் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டு வண்டி நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பிப் போனது. பெரியவர்கள் வந்து அப்பாவிடம் முறையிட்டார்கள். "என்ற தங்கச்சி செஞ்சதுங்க. அவகிட்டயே கேட்டுக்குங்க" என்றார் அப்பா. அத்தையிடம் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அறுவடை முடிந்த சமயத்தில் முதலாளி வந்தார். இந்தத் தடவை தாய்மாமன் இல்லை. சிலையின் எதிரில் வெகுநேரம் நின்றுவிட்டு, அதைக் கொடுக்கும்படி கேட்டார்.

"இது இங்கயே இருக்கட்டுங்க. உங்களுக்கு வேற செஞ்சு தாரேன். அதுலயும் பொட்டு இருக்காது."

அவர் தலையை ஆட்டினார். இரண்டாவது சிலை மில் வாசலில் நின்றது. மில் நொடித்துப்போகவில்லை. அதைப் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அத்தை சாகும்வரை கலவை காயாத கையோடுதான் இருந்தாள்.

ரோட்டோரத்தில் எதற்கு வைத்தாய் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அங்கதான் கண்ணு காலம்பற வெயிலு நல்லா உழுகும்" என்றாள். நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன்.

அதுவரை வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால், அத்தைக்குத் தொழுவத்துப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். சிலை வைத்த பிறகு அப்படி வரவில்லை. சந்தை நாள் காலைகளில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக்கூந்தலும் வெள்ளைச் சீலையுமாக இட்டேரி முனைக்குப் போய், அந்தக் கிழவிக்குப் பக்கத்தில் சாலையைப் பார்த்து நின்றுகொள்வாள். வண்டிகள் போய் முடியும்வரை நகர மாட்டாள். வெயிலில் சிமெண்டு எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்து, நானும் கூடப் போய் சிலையின் கால்விரல்களைக் குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.