மாசி ஏழா, எட்டா?

சென்ற வருஷம் விசித்திரமான ஒரு துப்பறியும் நாவல் படித்தேன். போலீஸ் வாக்குமூலம், தந்தி, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று வெறும் காகிதங்கள்தான் கதை. கொலைகாரனை வாசகரே கண்டுபிடிக்க வேண்டும். விடையுள்ள கடைசிப் பக்கங்களை ஒட்டியிருந்தார்கள். இரண்டு காகிதங்களில் தேதி ஒரு நாள் பிசகியதை வைத்து ஆளைப் பிடித்தேன். பிரித்துப் பார்த்தால் அவனேதான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் தங்கைக்குத் திருநெல்வேலியிலிருந்து வரன் வந்தது. ஜாதகத்தில் பிறந்த நாள் மாசி எட்டு. மாப்பிள்ளை பிறந்தது களியக்காவிளையில், அவர் அம்மாவின் ஊரில். அங்கே பதிந்த மலையாளப் பிறப்புச் சீட்டில் கும்பம் ஏழு, அதாவது மாசி ஏழு. நட்சத்திரப் பொருத்தத்துக்காக நாளைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். அப்பா வரனை மறுத்துவிடத் தீர்மானித்தார்.

“நீ அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அக்கா?” என்றாள் தங்கை.

கேட்டோம். மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை.

“சில வருஷம் திருநெல்வேலிப் பக்கத்துப் பாண்டிப் பஞ்சாங்கத்துல மாசி ஒரு நாள் முந்திப் பிறக்கும் மக்கா. நம்ம மலையாளக் கணக்குல மறுநாள்தான். ரெண்டும் ஒரே நாளுதான்.”

நாவலில் எல்லாக் காகிதங்களையும் எழுதுவது ஒரே ஆள். பிசகை அவரே வேண்டுமென்று வைக்கிறார். வீட்டுக் காகிதங்களை எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

அத்தகைய நாவல்களை இன்றும் தேடிப் படிக்கிறேன். வீட்டில் இரண்டு காகிதம் முரண்பட்டால் மட்டும், முதலில் ஆளைக் கேட்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையில் இரண்டு கணக்கிலும் தேதி போட்டிருந்தோம். அப்படிப் போடச் சொன்னது தங்கை.

— ஒரு வாசகி, கருங்கல்